ஆட்டம் கண்ட தூண்

ஓர் ஊருக்குப் பெயர் வந்த காரணத்தை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் பெருமையான கதையாகத்தான் சொல்வார்கள். தேவர்கள் வந்து இறங்கினார்கள் என்பார்கள். அமுதம் சிந்தியது என்பார்கள். டில்லி நகரம் மட்டும் இதற்கு விலக்கு. 'எங்கள் ஊரில் ஒரு தூண் ஆட்டம் கண்டுவிட்டது, அதனால்தான் இந்தப் பெயர்' என்கிறது அங்கே வழங்கும் கர்ண பரம்பரைக் கதை.

குதுப் மினாரின் அருகில், குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூணே அது. மொத்த நீளம் சுமார் 24 அடி. எடை 6 டன்னுக்கு மேல். ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றும் துருப்பிடித்து உதிராத அதிசயம்.

கதை இதுதான். தோமர வம்சத்து அரசன் அனங்கபாலனிடம் ஓர் அந்தணர் சொன்னாராம்: "அரசே! இந்தத் தூணின் அடி, பூமியைத் தாங்கும் நாகராஜனின் தலையில் பதிந்திருக்கிறது. இது அசையாதவரை உன் வம்சத்து ஆட்சியும் அசையாது." அரசன் ஆயிற்றே, கேட்டு மகிழ்ந்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சந்தேகம் பொல்லாதது. தூணைத் தோண்டி எடுக்கச் சொன்னான். அடியில் இரத்தம் ஒட்டியிருந்தது! பதறிப்போய் மறுபடி நடச் சொன்னான். எவ்வளவு இறுக்கியும் பழையபடி நிற்கவில்லை. ஹிந்தியில் 'டீலா' என்றால் தளர்ந்தது என்று பொருள். தூண் தளர்ந்த ஊர் டில்லி ஆயிற்று. தோமரர் ஆட்சியும் தளர்ந்தது. பிருதிவிராஜ் ராஸோ என்ற காவியத்தில் இந்தக் கதை இடம் பெற்றிருக்கிறது.

பெயருக்கு வேறு காரணங்கள் கூறுவோரும் உண்டு. 1170-ஆம் ஆண்டின் பிஜோலியா கல்வெட்டில் 'டில்லிகா' என்ற பெயர் காணப்படுகிறது. அந்தச் சர்ச்சை நமக்கு வேண்டாம். அனங்கபாலன் செய்தது குற்றந்தானா என்பதே என்னுடைய கேள்வி.

தூண் தன் வரலாற்றைத் தன் உடம்பிலேயே தாங்கி நிற்கிறது. பிராமி எழுத்தில், சமஸ்கிருத மொழியில் ஆறு வரிகள். அவற்றின் வாசகத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1838-இல் வெளியிட்டார். சந்திரன் என்னும் அரசன் வங்கத்திலே பகைவரை வென்றான், சிந்து நதியின் ஏழு முகங்களைக் கடந்தான், தென்கடலிலும் அவன் வீரம் மணம் வீசியது என்று சொல்லி, அவன் விஷ்ணுபத மலையில் இந்த விஷ்ணுத்வஜத்தை நாட்டியதாகவும் அது கூறுகிறது. குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே இவன் என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிவு. அந்த மலை மத்தியப் பிரதேசத்து உதயகிரியாக இருக்கலாம் என்பர். அங்கிருந்து தூணை டில்லிக்குக் கொண்டுவந்தவர் தோமர அரசர் என்பாரும் உண்டு. சுல்தான் இல்துத்மிஷ் என்பாரும் உண்டு. யாராயினும், பெயர்க்காமல் கொண்டுவந்திருக்க முடியுமா? ஆகவே தூணைப் பிடுங்கிய கதை முழுக்கப் பொய்யல்ல.

பிற்காலத்தில் வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் வந்த யாத்திரிகர் இபின் பதூதா, தலைப்பாகைத் துணியைத் தூணைச் சுற்றிக் கட்டி அதன் பருமனை அளந்து பார்த்தார்! ஏழு உலோகங்களின் கலப்பு என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தூணின் மேற்பகுதியில் பீரங்கிக் குண்டு பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. 1739-இல் டில்லியைச் சூறையாடிய நாதிர் ஷாவின் வேலை என்று அதைச் சொல்வது வழக்கம்.

தொல்பொருள் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற கன்னிங்ஹாமே தூண் பூமிக்குள் வெகு ஆழம் போகிறது என்றுதான் முதலில் நம்பினார். 1871 வாக்கில் அவருடைய உதவியாளர் பெக்ளர் தோண்டிப் பார்த்தார். நாகராஜனும் இல்லை, பாதாளமும் இல்லை! நான்கு அடிகூட இறங்குவதற்குள் அடி வந்துவிட்டது. இரும்புக் கம்பிகளின்மேல், ஈயம் வைத்துக் கல்லோடு பொருத்தப்பட்டிருந்தது.

இரகசியம் தூணின் அடியில் இல்லை, இரும்பிலேயே இருந்தது. 1912-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு அதைச் சோதித்துப் பார்த்தார். ஏழு உலோகம் அல்ல. கிட்டத்தட்டச் சுத்தமான இரும்பு. ஆனால் பாஸ்பரஸ் மட்டும் சற்றுத் தூக்கல். அக்காலத்துக் கொல்லர்கள் கரியிட்டு இரும்பு உருக்கினார்கள். சுண்ணாம்புக் கல் சேர்க்கவில்லை. அதனால் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிற்று. அதன் துணையால் தூணின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்து, மேலும் துரு ஏறாமல் காக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் விளக்கினார்.

1961-இல் பாதுகாப்புக்காகத் தூணைத் தோண்டி எடுத்தார்கள். காற்று படாமல் மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதியில் துரு கனமாகப் படிந்திருந்தது. ஈரமண்ணில் ஊறிய துருவின் நிறம் என்ன? செந்நிறம் அல்லவா? அனங்கபாலன் கண்ட இரத்தம் இதுதானோ என்று கதை எழுதிப் பழகிய என் மனம் யூகிக்கிறது. சரித்திர ஆசிரியர்கள் ஒப்ப வேண்டும் என்பதில்லை.

தோமரருக்குப் பின் சௌகான்கள் வந்தார்கள். பிருதிவிராஜன் 1192-இல் தராயின் போர்க்களத்தில் தோற்றான். பிறகு சுல்தான்கள், மொகலாயர்கள், ஆங்கிலேயர்கள் என்று எத்தனையோ பேர் ஆண்டு போனார்கள். அத்தனை சிம்மாசனங்கள் ஆட்டம் கண்டதற்கும் ஒரு தூணின்மேல் பழி போட முடியுமா? தோற்ற பேராசையையும் உட்பகையையும் சொல்வதைவிட, ஒருவன் சந்தேகப்பட்டான் என்று சொல்வது எளிதாக இருந்திருக்கிறது.

தூணில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் வளைத்துச் சேர்த்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அப்படிக் கட்டியணைத்தவர்களின் கைபட்டுத் தூண் தேய்ந்ததால் 1997-இல் சுற்றிலும் வேலி போட்டார்கள். யோசித்துப் பாருங்கள்: நம்பியவர்கள் தூணைத் தேய்த்தார்கள், தோண்டிப் பார்த்தவர்களும் சோதித்தவர்களும் அதன் பெருமையை நமக்குச் சொன்னார்கள். அனங்கபாலனை இனியாவது மன்னித்துவிடலாம்.