பிறப்பை எழுதுவதா, செயலை எழுதுவதா?

மேனிலைப் பள்ளியில் வேதியியல் பயிலும் நம் மாணாக்கர் ‘ஹேபர் முறை’ என்னும் தொடரை நன்கறிவர். காற்றிலுள்ள நைட்ரஜனை, உயர்ந்த அழுத்தத்தில், வினையூக்கியின் துணைகொண்டு ஹைட்ரஜனோடு இணைத்து அம்மோனியா ஆக்கும் முறை அது. அம்முறைக்குப் பெயர் தந்த ஃபிரிட்ஸ் ஹேபரின் வாழ்க்கையோ பாடநூலில் இரண்டொரு வரியில் முடிந்துவிடுகின்றது. உலகிற்கு உணவளித்தவர் என்று அவரைப் புகழ்வர் ஒரு சாரார். நச்சுப்புகைப் போரின் தந்தை என்று இகழ்வர் மற்றொரு சாரார். யூதர் என்பாரும், கிறித்தவர் என்பாரும், செருமானியர் என்பாரும் உளர். இத்தகைய ஒருவரை நேர்மையாக எழுதுவது எங்ஙனம்? பிறர் எழுதிவைத்த குறிப்புகளாலேயே நெடுங்காலம் அறியப்பட்ட சமுதாயத்தினராகிய நாம் இவ்வினாவை ஆராய்தல் மிகவும் பொருத்தமுடைத்து.

ஹேபர் 1868ஆம் ஆண்டில், அந்நாளில் பிரஷ்யாவிலும் இந்நாளில் போலந்திலும் உள்ள பிரெஸ்லாவு நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1892இல் புராட்டஸ்டண்டு கிறித்தவத்தைத் தழுவினார். திருமுழுக்குப் பெறாத யூதர், செருமானியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக உயர்வது மிக அரிதாக இருந்த காலம் அது. தம்மை அவர் செருமானியராகவே எண்ணினார். செருமானியப் போர்க்கொள்கைக்கு அரணாக 1914இல் அறிஞர் 93 பேர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார்.

அவர்தம் ஆக்கப்பணி அளப்பரியது. 1909இல் ஆய்வுக்கூடத்தில் அம்மோனியாவைத் தொடர்ந்து சொட்டச் செய்து காட்டினார். கார்ல் போஷ் என்பார் அதனைப் பெருந்தொழிலாக வளர்க்க, 1913இல் ஓப்பாவு ஆலை இயங்கத் தொடங்கிற்று. இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு, இவ்வழி வந்த உரத்தைச் சார்ந்துள்ளது என மதிப்பிடுவர். நம் வயல்களில் தூவப்படும் யூரியாவும் இம்முறையில் கிடைக்கும் அம்மோனியாவிலிருந்தே ஆக்கப்படுகின்றது. அதே அம்மோனியா நைட்ரிக் அமிலமாகி வெடிமருந்தாகவும் மாறிற்று. சிலி நாட்டு வெடியுப்பு வரும் கடல்வழி அடைபட்ட பின்னரும் செருமனி போரை நீட்டிக்க அதுவே துணைசெய்தது.

அவர்தம் அழிவுப்பணியும் அத்துணை வெளிப்படையானது. 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே 150 டன்னுக்கும் மேற்பட்ட குளோரின் வாயு உருளைகளிலிருந்து திறந்துவிடப்பட்டது. அத்திட்டத்தை வகுத்தவர் ஹேபர். களத்தில் நின்று மேற்பார்த்தவரும் அவரே. போரில் நஞ்சைப் பயன்படுத்தலை 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை விலக்கியிருந்தது. பின்னர்ப் பிரிட்டனும் பிரான்சும் நச்சுவாயுவை ஏவின என்பது உண்மை. ஆயினும் பெருமளவில் அவ்வாயிலைத் திறந்தவர் என்னும் பொறுப்பு அதனால் குறைந்துவிடாது. பிற படைக்கலங்களினும் இது கொடிதன்று என்று போருக்குப் பின்னும் வாதிட்டார் அவர். 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு 1919இல் அவருக்கு அறிவிக்கப்பட்டபோது பிற நாடுகளில் கண்டனம் எழுந்தது.

ஈப்ர நிகழ்ச்சிக்குப் பின் பத்தே நாளில், 1915 மே 2 அன்று, அவர்தம் துணைவியார் கிளாரா இம்மர்வார் கணவரின் துப்பாக்கியால் உயிர் துறந்தார். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற அறிஞர் அவர். நச்சுவாயுவை எதிர்த்தே உயிர்விட்டார் என்று பலர் எழுதுவர். அவர் விட்டுச்சென்ற மடல் எதுவும் எஞ்சவில்லை. எனவே நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறும், ஊகத்தை ஊகமென்றும் எழுதுவதே அறமாகும். இறந்த ஒரு பெண்மணியின் வாயில் நம் சொற்களை இடுதல் அவருக்குச் சிறப்பாகாது.

1933இல் இட்லர் அரசு, யூத வழியினரை அரசுப்பணியினின்று நீக்கும் சட்டம் இயற்றிற்று. போர்ப்பணி ஆற்றியோருக்கு அளித்த விலக்கால் ஹேபர் தாம் பதவியில் நீடித்திருக்கலாம். தம் கழகத்தின் யூத ஆய்வாளர்களை வெளியேற்றும் ஆணைக்கு உடன்படாது, ஏப்ரல் 30 அன்று விலகல் மடல் எழுதினார். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக, உடன் பணிபுரிவோரை அறிவும் பண்பும் நோக்கித் தேர்ந்தேனேயன்றி, அவர்தம் பாட்டிமார் யாவர் என்று நோக்கியதில்லை என்பது அம்மடலின் கருத்து. 1934 சனவரியில், தாயகம் துறந்தவராய், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மறைந்தார். அவர்தம் கழகத்து ஆய்வின் தொடர்ச்சியாக 1920களில் உருவான ‘சைக்ளோன்’ பூச்சிக்கொல்லியின் ஒரு வகையே, பின்னர் நாஜிகளின் கொலைக்கூடங்களில் யூதர்களைக் கொல்லப் பயன்பட்டது. மாண்டோருள் அவர்தம் சுற்றத்தாரும் இருந்தனர். அக்கொலை அவர் மறைந்தபின் நிகழ்ந்தது. அதனை அவர் தலைமேல் ஏற்றுதல் நீதியன்று.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. முதலாவது, ஒருவர்க்குப் பிறப்பால் வந்த பெயர், அவர் தாமே தேர்ந்த பெயர், அரசு அவர்மேல் சுமத்திய பெயர் ஆகியவற்றை வேறுவேறாக எழுதுதல் வேண்டும். மதம் மாறிய பின்னும் பிறப்பின் பெயர் விடாது துரத்தும் கொடுமையை நம் நாட்டிலும் நாம் அறிவோமன்றோ? இரண்டாவது, செயலுக்குப் பிறப்பைக் காரணம் காட்டலாகாது. ஹேபர் நச்சுவாயுவை ஏவியது யூதராய்ப் பிறந்தமையாலன்று; நாட்டுப்பற்றை அறத்தினும் மேலாக வைத்தமையால். மூன்றாவது, நன்மையைக் கொண்டு தீமையைக் கழித்துக் கணக்கு முடிக்கலாகாது. உரத்தால் பிழைத்தோரும் வாயுவால் மாண்டோரும் வெவ்வேறு மாந்தர். ஒருவர் உயிர் மற்றவர் உயிருக்கு ஈடாகாது.

நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு இனி நம் இளைஞர்களுடையது. பதிவேடுகளும் பயணக்குறிப்புகளும் ‘இப்பிறப்பினர் இத்தகையர்’ என்று ஒரே வரியில் நம்மை எழுதி முடித்தன. அவ்வொரு வரியால் புண்பட்ட நாம், அதே வரியைப் பிறர்மேல் எழுதலாகாது. நம் தலைவர்களின் வாழ்வை எழுதுங்கால், அன்பின் மிகுதியால் குறையை மறைத்தலும் ஆகாது. ஆண்டும் செயலும் சான்றும் முன்னிற்க எழுதுங்கள், இளைஞர்களே! அங்ஙனம் எழுதப்படும் வரலாறே பகைவரும் மறுக்கவொண்ணாத வரலாறாய் நிலைபெறும்.