வாப்பாவின் சீக்கோவுக்கு என்ன வயது?

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, படகில் கற்பிட்டி வந்து இறங்கிய வாப்பாவிடம் எஞ்சியிருந்தவற்றில் ஒன்று, சவூதியில் வேலை செய்தபோது வாங்கிய சீக்கோ 5 கைக்கடிகாரம். ரசீதோ பெட்டியோ இல்லை. இன்று அது என்னிடம் இருக்கிறது.

வயதைப் பின்மூடியே சொல்லும். அதிலுள்ள 7009 என்பது எந்திரத்தின் எண். ஆறு இடங்கள் கொண்ட தொடரிலக்கத்தில் முதலாவது, ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை ஜனவரி–செப்டம்பர், ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர். வாப்பாவுடையது 4, என். 7009 எந்திரம் 1970களின் பிற்பாதியில்தான் வந்தது. எனவே 1974 அல்ல. 1990இல் கையில் இருந்ததால் 1994உம் அல்ல. ஆக, 1984 நவம்பர்.

களப்போரத்து உப்புக்காற்றில், ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் ஈரம் புகுந்து துருப்பிடிக்கும். எந்திரத்தைக் கழற்றிக் கழுவி எண்ணெயிட்டு, வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். இதற்குச் சாவி கொடுக்க முடியாது; மெதுவாக அசைத்தால் ஓடத் தொடங்கும்.

முகப்புக்குப் புதுச்சாயம் வேண்டாம், அசல்தன்மை போய்விடும். பின்மூடியை மெருகேற்றவும் விடாதீர்கள். ஆவணங்களை இழந்த வீடுகளில், தேதி சொல்ல அந்த எண்கள் மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.