செப்பனிடுதல்
உயிரணு தன் டிஎன்ஏவைச் சரிசெய்வதைப் ‘பழுதுபார்த்தல்’ என்கிறோம். ‘செப்பனிடுதல்’தான் பொருந்தும் என்பேன். பழுது என்றால் குற்றம், கேடு. நோயெதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி ஐஜிஎம் வகையிலிருந்து ஐஜிஜி வகைக்கு மாறும்போதோ, அதை உருவாக்கும் உயிரணுவான பி செல் தன் டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஹோஞ்சோவின் குழு 1999இல் அறிவித்த ஏஐடி நொதி டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினை யுராசிலாக்கும். யுஎன்ஜி என்னும் நொதி அந்த யுராசிலை அகற்ற, இரு இடங்களில் இரு இழைகளும் அறுபடும். இடைத்துண்டு வளையமாகக் கழன்றுவிட, எஞ்சிய முனைகள் இணையும். இந்த இணைப்பும் டிஎன்ஏவைச் சரிசெய்வதுதான்; ஆனால் பழைய நிலை மீள்வதில்லை.

வெட்டும் பழுதுதானே என்று கேட்கலாம். ஏஐடி பிறவியிலேயே இயங்காதவருக்கு இந்த வெட்டு விழுவதில்லை. ஐஜிஎம் மிகுந்து, மற்ற வகைகள் குன்றி, தொற்றுகள் வாட்டுகின்றன. பழுது அங்கே வெட்டாமையில் இருக்கிறது. செம்மையின் வழிவந்த ‘செப்பம்’ குறளில் நடுவுநிலைமையைக் குறிக்கும்; இன்று சாலைக்கும் குளக்கரைக்கும் தேய்ந்துவிட்ட சொல்தான். ஆனால் அது முன்பிருந்ததைத் திருப்பிக் கேட்பதில்லை, சீராக இருக்கவே கேட்கிறது.