மசகும் மெழுகும்

மதுரைக்கு மேற்கே, தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் சந்திக்கும் காளவாசலில் இன்று போய் நிற்பவர்களுடைய கண்ணுக்கு, 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலமும் அதன் அடியில் ஓயாமல் நகரும் வண்டிகளும் தெரியுமேயன்றி, அந்த இடத்துக்குப் பெயர் தந்த நெருப்பு தெரியாது. காளவாசல் என்றால் எங்கள் பக்கத்தில் செங்கல்லோ சுண்ணாம்போ சுடுகிற சூளை என்று அர்த்தம். சூளை என்பது ஊருக்கு வேண்டியதும் ஊருக்குள் வேண்டாததும் ஆகையால், புகை வீடுகளை எட்டாத தூரத்தில், மண்ணும் விறகும் வண்டியில் வந்து சேர வசதியான இடத்தில் அதை வைப்பது பழைய வழக்கம். மண் வெட்டுகிற இடத்திலும், வெந்த கல்லை இறக்கி அடுக்குகிற இடத்திலும், பாரவண்டிகளின் இரும்புப் பட்டை சாலையை அரைக்கிற இடத்திலும் எழும்புகிற புழுதி எப்படிப்பட்டது என்பதை, ஆடி மாதத்தில் நாகமலைப் பக்கமிருந்து மேல்காற்று வீசும்போது சைக்கிளில் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதா, மெழுகு ஏற்றுவதா என்ற சிறிய கேள்வியின் சரித்திரத்தை இந்தப் புழுதியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. புழுதி இல்லையென்றால் அந்தக் கேள்வியே பிறந்திராது.

சைக்கிள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சுழலுகிற இரும்புக்கு எதைத் தடவுவது என்ற சாஸ்திரம் இந்தச் சாலைகளில் வழங்கிவந்தது. மாட்டுவண்டியின் இருசும் சக்கரத்தின் குடமும் ஒன்றோடொன்று உராயும் இடத்துக்கு, வைக்கோலைச் சுட்டு எடுத்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போடுவார்கள்; அதற்கு வண்டி மை என்றும் மசகு என்றும் பெயர். இன்று யந்திரங்களுக்கு விடும் எண்ணெயை மசகெண்ணெய் என்று பாடப் புத்தகங்களில் எழுதுகிறோமே, அந்தச் சொல் வண்டிக்காரன் நமக்கு வைத்துவிட்டுப் போன ஆஸ்தி. மற்ற எண்ணெய்களைக் காட்டிலும் கெட்டியான விளக்கெண்ணெய் வெயிலில் இளகி ஓடிவிடாமல் இரும்பைப் பற்றிக்கொண்டு நிற்கும்; அதில் குழைந்த மெல்லிய கரி, எண்ணெய் ஒதுங்கிவிட்ட இடத்திலும் இரும்பு இரும்பைத் தொடாமல் காக்கும். கரியின் உடன்பிறப்பாகிய கிராபைட்டைக் கொழுப்பில் கலந்து சங்கிலிக்குப் பூசும் முறை பிற்காலத்தில் ஐரோப்பாவின் சைக்கிள்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கிராபைட்டு, மதுரைக்குக் கிழக்கே சிவகங்கைச் சீமையின் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது என்பதும், தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுத்துச் சுத்தி செய்கிறது என்பதும் நம்மில் பலர் நினைத்துப் பார்க்காத விஷயங்கள்.

வண்டிக்காரனுடைய சாஸ்திரத்தில் இன்னொரு விதியும் உண்டு. புது மசகு போடுவதற்கு முன்னால் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்து, இருசில் ஒட்டியிருக்கும் பழைய மசகை வைக்கோல் பிரியாலோ கந்தல் துணியாலோ சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். புழுதி கலந்த மசகு இரும்புக்கு மருந்தல்ல, அரம் என்பதை அவன் கண்டறிந்திருந்தான். இந்த இரண்டாவது விதியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.

ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-ஆம் ஆண்டு உருளைச் சங்கிலியைக் கண்டுபிடித்தார். ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 1885-இல், ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில், சங்கிலி பின்சக்கரத்தை இழுத்து ஓட்டுகிற முறை நிலைபெற்றது. அன்று அமைந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை. இன்றைய சங்கிலியில் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு அரை அங்குலம். சாதாரண சைக்கிள் சங்கிலியில் ஏறக்குறைய நூற்றுப்பத்துக் கண்ணிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி, அதைச் சுற்றிப் புதை என்னும் ஒரு சிறு குழல், அதற்கும் மேலே ஓர் உருளை. மாட்டுவண்டியில் உராய்கிற இடம் இரண்டே இரண்டு. அவையும் குடத்துக்குள் மறைந்திருக்கும். சங்கிலியிலோ நூற்றுக்கு மேற்பட்ட உராய்வுகள், மறைப்பேதுமின்றி, முன்சக்கரம் வாரியிறைக்கும் புழுதிக்கு நேராகத் திறந்து கிடக்கின்றன. சீமையில் சங்கிலி முழுவதையும் தகரப் பெட்டிக்குள் அடைத்து இந்தச் சங்கடத்தைத் தீர்க்கப் பார்த்தார்கள். முழு செயின் கவர் போட்ட அந்த சைக்கிள்கள் நம் ஊருக்கும் வந்து, சொந்தக்காரருக்குக் கௌரவமாக விளங்கின. ஆனால் சைக்கிளை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்களில் பெரும்பாலோருடைய வண்டியில் மேல்பக்கத்தை மட்டும் மறைக்கும் அரைக் கவர்தான் இருந்தது. அது வேட்டியைக் காப்பாற்றியதே தவிர, சங்கிலியைக் காப்பாற்றவில்லை.

இந்தச் சங்கிலிக்கு எதை விடுவது? வீட்டில் எது இருந்ததோ அதை விட்டார்கள். தேங்காயெண்ணெய் விட்டால் மார்கழிப் பனியில் உறைந்துபோகும். விளக்கெண்ணெய் விட்டால் நாளாவட்டத்தில் பிசினாக இறுகும். நல்லெண்ணெயின் கதியும் ஏறத்தாழ அதுவே. காற்றுப் பட்டால் பிசுபிசுப்பது விதைகளிலிருந்து எடுக்கும் எண்ணெய்களின் சுபாவம். பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லாததால், அது வந்ததும் இவை பின்வாங்கின. அமெரிக்காவில் 1894-ஆம் ஆண்டு ஜார்ஜ் கோல் என்பவர் சைக்கிளுக்காகவே ஓர் எண்ணெயைத் தயாரித்து, துடைக்கவும் வழுக்கவும் துருப்பிடியாமல் காக்கவும் உதவும் என்பதால் அதற்குத் த்ரீ-இன்-ஒன் என்று பெயர் வைத்தார். நம் ஊரில் அந்த ஸ்தானத்தைத் தையல் மிஷின் எண்ணெய் பிடித்துக்கொண்டது. டி. வி. சுந்தரம் அய்யங்காருடைய பஸ்கள் மதுரைச் சாலைகளில் ஓடத் தொடங்கி, மோட்டார் பட்டறைகள் பெருகிய பிறகு, என்ஜினிலிருந்து வடித்த கறுத்த வேஸ்ட் ஆயில் சைக்கிள் கடைகளுக்குக் கிட்டத்தட்ட விலையின்றியே கிடைத்தது.

எண்ணெயை ஒரு கட்சியாகவும் மெழுகை எதிர்க்கட்சியாகவும் வைத்துப் பேசுகிறவர்களுக்கு அவ்விரண்டும் ஒரே கிணற்றில் பிறந்தவை என்பது மறந்துபோகிறது. ஐராவதி நதிக்கரை வயல்களிலிருந்து எண்ணெய் எடுப்பதற்காக 1886-இல் ஏற்பட்ட பர்மா எண்ணெய்க் கம்பெனிக்குக் கிடைத்த கச்சா எண்ணெயில் மெழுகு மிகுதி. அதனால் பர்மாவின் ரங்கூனிலிருந்து விளக்குக்கு மண்ணெண்ணெயும், துப்பாக்கிக் குழாய்க்குத் தடவும் எண்ணெயும், மெழுகுவர்த்தியும் கப்பலேறின. யந்திர எண்ணெய் குளிரில் உறையாமலிருக்க வேண்டுமானால், அதைக் குளிர வைத்து அதிலுள்ள மெழுகைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். அப்படிப் பிரித்து எடுத்ததைத்தான் சங்கிலிக்கு மெழுகு ஏற்றுகிறவர் மறுபடியும் இரும்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

அதே பர்மாவில், மோல்மீனில், 1900-ஆம் ஆண்டு வட்டிக்கடை தொடங்கிய பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார், 1949-இல் ஆங்கிலக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் சைக்கிள் தொழிலில் இறங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்தார்கள். 1960-இல் அமெரிக்காவின் டயமண்டு கம்பெனியின் உறவோடு சங்கிலித் தொழிற்சாலையும் ஏற்பட்டது. 1903-இல் ரைட் சகோதரர்களின் ஆகாய விமானத்துக்குச் சங்கிலி கொடுத்த கம்பெனி அந்த டயமண்டுதான். செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குப் போன மூலதனத்தில் ஒரு பகுதி, காளவாசல் வழியாக மில்லுக்குப் போகும் தொழிலாளியின் காலடியில் சங்கிலியாகச் சுழன்றது என்று சொன்னால் அது வெறும் அலங்காரமல்ல.

மெழுகு மதுரைக்கு அருமையான பொருளாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1923 முதல் சிவகாசியில் வளர்ந்த தீப்பெட்டித் தொழிலில், குச்சி நன்றாகப் பற்றுவதற்காக மருந்து தோய்ப்பதற்கு முன் அதை உருக்கிய மெழுகில் தோய்ப்பார்கள். 1901-இல் தொடங்கிய அஸ்ஸாமின் டிக்பாய் ஆலையும், 1969-இல் இயங்கத் தொடங்கிய சென்னை மணலி ஆலையும் எண்ணெயோடு மெழுகையும் தருபவை. கோயிற்கடைத் தெருவில் மெழுகுவர்த்தி கிடைத்தது. மலையிலிருந்து தேனோடு தேன்மெழுகும் இறங்கியது. அப்படியிருந்தும் எங்கள் பக்கத்துச் சைக்கிள் சங்கிலியை மெழுகு எட்டவில்லை. காரணம் அதன் குணத்தில் இல்லை. அது கேட்கிற உபசாரத்தில் இருக்கிறது. முதலில் சங்கிலியைக் கழற்ற வேண்டும். ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லாதபடி மண்ணெண்ணெயில் பலமுறை அலசி, அந்த மண்ணெண்ணெயும் போகத் துடைத்துக் காயவைக்க வேண்டும். வெந்நீருக்குள் வைத்த பாத்திரத்தில் மெழுகை உருக்கி, சங்கிலியை அதில் மூழ்கவிட்டு, கண்ணிகளுக்குள் அடைபட்ட காற்று குமிழியாக வந்து ஓய்கிறவரையில் காத்திருந்து, பிறகு கம்பியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். ஹார்வி மில் என்று ஜனங்கள் சொன்ன மதுரா மில்லின் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டிய ஷிப்டுத் தொழிலாளிக்கும், இரண்டு பால்கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு விடியற்காலையில் டவுனுக்குள் நுழையும் பால்காரருக்கும் அவ்வளவு அவகாசம் ஏது? எண்ணெய்க்கோ ஒரு நிமிஷம் போதும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே சொட்டு விட்டால் முடிந்தது.

ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் விட்டுப்போனது ஒன்றுண்டு. என் சிறு வயதில், அரசரடிக்கும் காளவாசலுக்கும் இடையே சாலையோரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டேன். "எண்ணெயை எவன் வேணாலும் விடுவான் தம்பி, துடைக்கிறவன்தான் தொழில்காரன்" என்பார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முந்திய நாட்களில் அவருடைய கடையில் உட்கார இடமிராது. ஓவராயிலுக்கு வந்த சைக்கிள்கள் தலைகீழாக நிற்கும். பால்ரஸ்கள் ஒரு சிரட்டையில் மினுங்கும். சங்கிலிகள் மண்ணெண்ணெய் நிறைந்த பழைய அலுமினியச் சட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். அவர் ஒரு சங்கிலியை எடுத்து உதறுவார். சட்டியின் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு வண்டல் படிந்திருக்கும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து என்னைத் தேய்த்துப் பார்க்கச் சொல்வார், நறநறவென்று நெருடும். செங்கல்லிலும் மண்ணிலும் இருக்கிற மணல் துகள் எஃகைவிடக் கடினமானது; அது எண்ணெயில் குழைந்தபோது, எந்த இரும்பைக் காப்பதற்காக எண்ணெய் விட்டோமோ அந்த இரும்பையே தின்றுவிடுகிறது.

பிறகு அவர் மரத்தாலான ஓர் அடிக்கோலை எடுத்துச் சங்கிலியின் மீது வைப்பார். புதுச் சங்கிலியில் இருபத்துநான்கு கண்ணிகள் ஓரடிக்குச் சரியாக இருக்கும். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் சங்கிலியின் ஆயுள் முடிந்தது என்று கணக்கு. அதற்குமேல் ஓட்டினால் பிரீவீலின் பல்லும் போய்விடும். சங்கிலி நீண்டுவிட்டது என்று நாம் சொல்வது உண்மையில் நீள்வதல்ல; நூற்றுப்பத்து ஊசிகளும் தத்தம் புதைக்குள் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்துபோனதன் மொத்தக் கூட்டல். எண்ணெயை ஏராளமாக விட்டுத் துடைக்காமலிருந்தவருடைய சங்கிலியே முதலில் அந்த அரைக்காலைத் தொட்டது என்பதை அந்த அடிக்கோல் எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டியது.

இங்கே மெழுகின் நியாயம் விளங்குகிறது. ஆறி இறுகிய மெழுகு உலர்ந்த பொருளாகையால் புழுதி அதன்மேல் படிந்தாலும் ஒட்டி உள்ளே இறங்குவதில்லை, உதறினால் போய்விடும். கையிலும் வேட்டியிலும் கறை படியாது. ஆனால் தொடர்ந்து மழை பெய்தால் மெழுகு நீங்கிய இடத்தில் தண்ணீர் புகுந்து, ஒரே இரவில் துரு பூத்துவிடும். எண்ணெய்போல் தானே பரவி வெறுமையான இடத்தை மூடுகிற குணம் அதற்கு இல்லை. ஆகவே புழுதிக்கு மெழுகு, மழைக்கு எண்ணெய் என்பதே நடுநிலையான தீர்ப்பாகும். வருஷத்துக்கு ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் கணிசமான பங்கை ஐப்பசியும் கார்த்திகையும் கொண்டுவந்து கொட்டிவிட்டு, மற்ற மாதங்களைப் பெரும்பாலும் காற்றுக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுகிற மதுரைச் சமவெளிக்கு, இவ்விரண்டும் மாறிமாறி வேண்டியவைதாம்.

இதில் வியப்பு என்னவென்றால், மாற்றுவதற்கான நாட்களை நம் பஞ்சாங்கம் முன்பே குறித்து வைத்திருக்கிறது. ஆயுத பூஜை வருவது மழைக்கு முந்தி. அன்று சைக்கிளைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். மழை ஓய்ந்து புழுதி எழும்புவதற்கு முந்தி வருவது மாட்டுப் பொங்கல். அன்று வண்டிகளைக் கழுவி, மாடுகளுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசினார்கள். கியர் வைத்த சைக்கிளை வாங்கி, வீட்டுக் கொல்லையில் மெழுகு உருக்கிப் பார்க்கிற இன்றைய இளைஞர்களைக் கண்டு நான் மகிழ்கிறேன். அவர்கள் அந்த வேலையைத் தை மாதத்தில், மாட்டுப் பொங்கலன்று செய்யட்டும். பழைய எண்ணெயை முற்றிலும் துடைத்தெடுத்த பிறகு செய்யட்டும். மெழுகோ எண்ணெயோ, இரண்டுக்கும் முந்தியது அந்தத் துணி. கடையாணியைக் கழற்றிய வண்டிக்காரனுடைய கையில் இருந்ததும், அரசரடிப் பெரியவருடைய தோளில் கிடந்ததும் அதுதான்.