ஏழையை எண்ணத் தெரிந்தவர்கள்: ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணையில் ஒரு நாள், பாடம் முடிந்த பிறகு ஒரு மாணவி என் மேசைக்கு வந்தாள். "சேர், எங்களுக்கு அஸ்வெசும வரேல்லை. எங்கட ஒழுங்கையில எங்களைவிட வசதியான வீட்டுக்கு வந்திருக்கு. ஆர் சேர் இதை முடிவு செய்யிறது?" என்று கேட்டாள். 22 குறிகாட்டிகள் இருக்கின்றன, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள் என்று சொன்னேன். அவள் விடவில்லை. "அந்தக் கேள்வியளை ஆர் சேர் எழுதினது? எங்கட வீட்டை வந்து பாத்தவையே?"

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வரலாறு படிப்பிக்கிற ஒருவனுக்கு இந்தக் கேள்வியின் வரலாறு தெரியாமல் இருந்தது வெட்கமாக இருந்தது. தேடி வாசித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

முதலில் எங்கள் நாட்டுக் கதை. 1942 இல் யுத்த காலத்தில் அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பன் எல்லாருக்கும் கிடைத்தபடியால் "யார் ஏழை?" என்று கேட்கவேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. 1978 இல், மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும்தான் என்று அதைச் சுருக்கினார்கள். அடுத்த ஆண்டு உணவு முத்திரை வந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி எங்கள் வாசலுக்கு வந்தது. கூலிக்குப் போகிறவனுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று ஏது? வெங்காயம் கிண்டுகிற மாதம் ஒரு கணக்கு, மழை மாதம் இன்னொரு கணக்கு. சொன்னதை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும. பெயர்கள் மாறின. கேள்வி அதேதான்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடுவதும் ஒரு தொழில். தச்சுவேலை, மேசன்வேலை மாதிரி அதையும் பழகவேண்டும்.

இங்கிலாந்தில் யோர்க் நகரத்தில் 1899 இல் சீபோம் ரவுண்ட்ரீ என்ற சொக்லட் கம்பனிக்காரக் குடும்பத்து மனிதர் ஒருவர், ஆட்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார். 11,560 குடும்பங்கள். ஒரு உடம்பு வேலை செய்ய எவ்வளவு சாப்பாடு வேண்டும், அதற்கு எவ்வளவு காசு வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒரு கோடு கீறினார். நகரத்துச் சனத்தில் ஏறக்குறைய 28 வீதம் வறுமையில் இருந்தது. ஏழைகள் சோம்பேறிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாய் அடைத்தது. ஏனென்றால் அவர் எண்ணியவர்களில் மிகப் பலர் நாள் முழுக்க உழைத்தும் கூலி போதாதவர்கள்.

எங்களுக்கு இன்னும் கிட்டிய கதை சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகக் கில்பேர்ட் சிலேற்றர் வந்தார். அதற்கு முன் ஒக்ஸ்போர்டில் தொழிலாளர் படிக்கும் ரஸ்கின் கல்லூரியின் அதிபர். தென்னிந்தியக் கிராமத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை என்று கண்ட அவர், ஒரு கேள்விக்கொத்துத் தயாரித்து மாணவர்களின் கையில் கொடுத்தார். சொந்த ஊருக்குப் போய்க் காணி யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அந்த அறிக்கைகள் 1918 இல் புத்தகமாக வந்தன.

அந்தக் கிராமங்களில் ஒன்று இருவேல்பட்டு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1930களில் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். பிறகும் போனார்கள். 2008 இலும் போனார்கள். தொண்ணூறு வருடக் கதை ஒரே ஊருக்கு எழுதப்பட்டிருக்கிறது. மிராசுதாரின் பிடி எப்படித் தளர்ந்தது, கூலிச் சனம் வயலுக்கு வெளியே வேலை தேடி எப்படி நிமிர்ந்தது, அரசின் நிவாரணம் அதற்கு எவ்வளவு உதவியது என்று அங்கே சொல்லலாம். ஊகம் தேவையில்லை. புத்தூருக்கு அப்படி ஒரு ஏடு இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். 1916 இல் பல்கலைக்கழகம் வரை போன பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கும்? காணிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். கூலி வீட்டு முற்றத்தில் அவனுக்கு எவ்வளவு உண்மை சொல்லியிருப்பார்கள்? இந்தக் கேள்வி எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். யார் போய்க் கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று தெரியாதவர்கள் எங்களில் யாரும் இல்லை.

இலங்கையிலும் நல்ல தொடக்கம் இருந்தது. எங்கள் தமிழரான ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா, பின்னாளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உலகப் புகழ் பெற்ற மானிடவியலாளர், இளம் வயதில் என்.கே. சர்க்காருடன் சேர்ந்து கண்டிக்குப் பக்கத்தில் பாத்ததும்பறைக் கிராமங்களை ஆராய்ந்தார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1957 இல் அதை வெளியிட்டது. 1972 இல் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் தொடங்கியது. பெயரிலேயே பயிற்சி இருக்கிறது. அதே ஆண்டில் மார்கா நிறுவனம். 2001 இல் வறுமை ஆய்வுக்கென்றே 'சேபா' என்ற நிலையம். எல்லாம் கொழும்பில்.

இனி எங்கள் கதை. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

1981 க்குப் பிறகு இந்த நாட்டில் முழுமையான குடித்தொகை மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. 1991 இல் நடக்கவேயில்லை. 2001 இல் வடக்குக் கிழக்கில் முழுமையாக நடக்கவில்லை. வறுமையைக் கணக்கிடப் பயன்படும் வீட்டு வருமானச் செலவு ஆய்வை 1990/91 இல் செய்தார்கள், 1995/96 இல் செய்தார்கள், 2002 இல் செய்தார்கள். மூன்றிலும் வடக்கும் கிழக்கும் இல்லை.

அந்த ஆண்டுகளை எங்கள் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். வடமாகாணம் முழுவதிலும் சுமார் 75,000 பேர். 1995 இல் அதே ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுக்கத் தெருவில் நின்றது. உங்களில் பலர் அந்த மழையில் தென்மராட்சிக்கு நடந்தீர்கள். எங்களுக்குப் புத்தளத்தில் 'அகதி' என்று ஒரு பெயர் கிடைத்தது. உங்களுக்கு 'இடம்பெயர்ந்தோர்' என்று ஒரு பெயர். 'யாழ்ப்பாணத்து ஏழை' என்ற பெயர் இருவருக்கும் கிடைக்கவில்லை, ஏனென்றால் வறுமை அட்டவணையில் யாழ்ப்பாணமே இருக்கவில்லை. நாட்டின் உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டை, ஆளுக்கு மாதம் 1,423 ரூபாய் என்று, 2002 ஆய்வை வைத்துத்தான் கீறினார்கள். நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று கேட்காமல் கீறிய கோடு அது.

யுத்தம் முடிந்து 2009/10 ஆய்வில் யாழ்ப்பாணம் திரும்ப வந்தது. நாட்டுக்கு 8.9 வீதம், எங்களுக்கு 16.1 வீதம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் அப்போதும் இல்லை. 2012/13 இல்தான் எல்லா மாவட்டங்களும் வந்தன. முல்லைத்தீவு 28.8 வீதம், நாட்டிலேயே ஆகக்கூடியது. அது அந்த ஆண்டு தோன்றிய வறுமையா? இல்லை. அந்த ஆண்டுதான் ஒருவர் போய்க் கேட்டார்.

எண் இருந்தாலும் அதை வாசிக்கத் தெரியவேண்டும். 2016 இல் நாட்டின் வறுமை 4.1 வீதம் என்றார்கள். 2019 இல் 14.3 வீதம். மூன்று வருடத்தில் மூன்று மடங்கா? பெரும்பகுதி கோடு மாறியதால் வந்தது. பழைய கோட்டை விட்டு, 2012/13 செலவுப் பழக்கத்தை வைத்துப் புதுக் கோடு கீறினார்கள். இதை விளங்காமல் மேடையில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்களை நானும் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சரி, இந்தத் தொழிலில் என்னதான் பழகுகிறார்கள்? நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். 'குடும்பம்' என்றால் யார் என்று பழகுகிறார்கள். ஒரு கூரையா, ஒரு உலையா? ஒரே வளவில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு வீடு. "நீங்கள் ஏழையா?" என்று கேட்காமல், போன கிழமை என்ன வாங்கினீர்கள், என்ன சமைத்தீர்கள் என்று கேட்கப் பழகுகிறார்கள். வளவில் பிடுங்கிய முருங்கைக்காயையும் கணக்கில் சேர்க்கப் பழகுகிறார்கள். ஆய்வை வருடம் முழுக்கப் பரப்பிச் செய்கிறார்கள், அறுவடை மாதம் மட்டும் கேட்டால் தோட்டக்காரன் பணக்காரன் ஆகிவிடுவான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கிறார். இந்தியாவில் மகலனோபிஸ் ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, பதில்கள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தார். கேட்கிறவனும் பிழை விடுவான் என்ற பணிவு அதில் இருக்கிறது.

இதற்கெல்லாம் கலாநிதிப் பட்டம் வேண்டுமா? பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1990களிலிருந்து அங்கே ஊர் இளைஞர்களையே பழக்கி, ஊரின் எல்லா வீடுகளையும் எண்ணி, கிடைத்ததை ஊர்க்கூட்டத்தில் வைத்துச் சரிபார்க்கிற ஒரு முறையை வளர்த்தார்கள். 2019 இல் அதைச் சட்டமாக்கினார்கள். பட்டியலை ஊர் பார்த்துவிடும், அதனால் ஒளித்து வைக்க முடியாது.

நாங்கள் அரசாங்கத்துக்குப் பதிலாகப் பட்டியல் போட முடியாது. போடவும் கூடாது. ஆனால் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரை ஒரு விடுமுறையில் பழக்கலாம். நிலாவரைக் கிணற்றடியிலிருந்து தொடங்கி இரண்டு ஒழுங்கை போதும். அடகில் உள்ள நகை, நுண்கடன், தண்ணீர் இறைக்கிற செலவு, தோட்டம் இல்லாத வீட்டின் கூலி நாட்கள், இவற்றைப் பெயர் எழுதாமல், ஒருவரின் மானத்தையும் கெடுக்காமல் பதியலாம். பல்கலைக்கழகத்தில் பொருளியல், புள்ளிவிபரவியல் படிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வழிகாட்டலாம். காணிக்காரர் வீட்டுப் பிள்ளையும் கூலி வீட்டுப் பிள்ளையும் சோடியாகப் போகவேண்டும். என் நிபந்தனை அது ஒன்றுதான். ஐந்து வருடம் கழித்துத் திரும்பவும் அதே வீடுகளுக்குப் போகவேண்டும்.

அந்த மாணவியின் வீட்டு மேன்முறையீடு இன்னும் முடியவில்லை. போன கிழமை அவளிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப முதல் கேள்விய நான் எழுதட்டே சேர்?" என்றாள்.

விருப்பமுள்ள பெற்றோர், பழைய மாணவர், ஓய்வுபெற்ற கிராம அலுவலர்கள் பள்ளிக்கூடத்தில் என்னைச் சந்தியுங்கள். அனுபவம் உள்ளவர்களின் திருத்தங்களையும் எதிர்பார்க்கிறேன்.