கயிற்றை விட்ட கால்கள்: துடுப்புக்காலணியின் கதை

கடலுக்குள் மனிதன் இறங்கிய கதையைச் சொல்ல முற்படுவோர் பெரும்பாலும் மூச்சின் கதையையே சொல்கிறார்கள். காற்றை எப்படிக் கீழே கொண்டு போவது, எவ்வளவு நேரம் தாக்குப் பிடிப்பது, எவ்வளவு ஆழம் செல்வது என்பவையே அக்கதையின் அத்தியாயங்கள். அதில் கால்களுக்கு இடமில்லை. இன்று ஸ்கூபா முக்குளிப்பைக் கற்கச் செல்லும் இளைஞர் ஒருவர் தம் கைக்காசைக் கொடுத்து முதலில் வாங்கும் பொருள்களில் ஒன்று, காலில் மாட்டும் அந்த நீண்ட துடுப்பு. ‘ஃபின்ஸ்’ என்று எல்லோரும் சொல்லும் அப்பொருளை இக்கட்டுரையில் துடுப்புக்காலணி என்று அழைப்போம். தமிழில் துடுப்பு என்ற ஒரு சொல்லே படகைத் தள்ளும் கருவியையும் மீனின் உறுப்பையும் குறிப்பதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள இப்பொருளுக்கு அது பொருந்தவே செய்கிறது.

கடைகளில் இதன் வகைகள் ஏராளம். விலைகளோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகின்றன. கையில் குறைந்த பணத்துடன் நிற்கும் புதியவர் எதை நம்பித் தேர்ந்தெடுப்பது? விற்பவர் சொல்வதைவிட இப்பொருளின் வரலாறு அவருக்கு நேர்மையான வழிகாட்டியாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில், துடுப்புக்காலணி இல்லாத காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கொற்கைத் துறையின் பெருமை நாம் அறிந்ததே. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களின் முறை பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் மாறாமலே இருந்தது. கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை ஊன்றி முக்குளிப்பவர் விரைந்து அடித்தளத்தை அடைவார். எட்டும் தூரத்திலுள்ள சிப்பிகளைப் பையில் திரட்டுவார். கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராகவே இருக்க வேண்டும் என்பது நம் கடற்கரையில் வழங்கிவரும் மரபு. தங்கையின் தாலியைக் காக்கும் கை கயிற்றை நழுவவிடாது என்பது அதன் உட்பொருள். அப்பயணம் செங்குத்தானது. இறங்கக் கல், ஏறக் கயிறு என்றிருந்ததால் கடலின் குறுக்கே நெடுந்தூரம் செல்லும் வேலை கால்களுக்கு வாய்க்கவில்லை. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது.

ஐரோப்பாவில் எழுந்த தலைக்கவச முறையிலும் கயிறு போகவில்லை. 1830-களில் அகஸ்டஸ் சீப் செம்மைப்படுத்திய முக்குளிப்பு உடையில் செப்புத் தலைக்கவசமும் மேலிருந்து காற்றைக் கொணரும் குழாயும் இருந்தன. காலில் ஈயம் பதித்த கனத்த காலணிகள். அதை அணிந்தவர் கடலடியில் நடந்தார், நீந்தவில்லை. காற்றுக்குழாயின் நீளமே அவர் உலகின் எல்லை.

நீந்தும் கால்களைப் பற்றிய கனவு மட்டும் அதற்கு முன்பே இருந்தது. விரல்களுக்கிடையே தோல் கொண்ட கையுறையை லியோனார்டோ டாவின்சி வரைந்து வைத்தார். 1680-இல் வெளிவரத் தொடங்கிய போரெல்லியின் விலங்கியக்க நூலில், நீர்விலங்கின் பாதம் போன்ற காலணியுடன் ஒரு முக்குளிப்பவரின் படம் உண்டு. இவை தாளோடு நின்றன. செய்தே பார்த்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது, ஓவியரின் வண்ணப்பலகையைப் போலப் பெருவிரலுக்குத் துளையிட்ட இரு பலகைகளைச் செய்து கைகளில் மாட்டிக்கொண்டு நீந்தியதாகப் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். நீளம் 10 அங்குலம், அகலம் 6 அங்குலம். வேகம் கூடியது, மணிக்கட்டு வலித்தது. உள்ளங்கால்களிலும் ஒருவகை மிதியடியைப் பொருத்திப் பார்த்தார். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. நீந்தும்போது உந்துவிசையில் ஒரு பகுதி பாதத்தின் உட்புறத்தாலும் கணுக்காலாலும் கிடைக்கிறது, உள்ளங்காலால் மட்டும் அன்று என்று அவர் காரணமும் கண்டார்.

அக்காலத்து ஐரோப்பியர் தவளையைப் போலக் கால்களை மடக்கி விரித்து நீந்தியவர்கள். கால்களை நீட்டி மாற்றி மாற்றி மேலும் கீழும் அடிக்கும் முறை மேலைநாட்டு நீச்சலில் வேரூன்றியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அந்த உதைக்குத்தான் நீண்ட துடுப்பு இயல்பாக இசைகிறது. வளைந்தும் உடையாமல் மீளும் பொருளும் வேண்டியிருந்தது. சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்டது 1839-இல். சிறுவன் பிராங்க்ளினிடம் அறிவு இருந்தது. ரப்பரும் இல்லை, உதையும் இல்லை.

இரண்டும் கூடிவந்த காலத்தில் வந்தவர் லூயி த கோர்லியூ. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான இவர் 1914-இலேயே தம் முதல் மாதிரியைச் சக அதிகாரிகளுக்குக் காட்டினார். 1924-இல் கடற்படையை விட்டு விலகி முழுநேரமும் இதிலேயே இறங்கினார். 1933 ஏப்ரலில் காப்புரிமைக்கு அவர் பதிவு செய்த கருவிக்கு இட்ட பெயர், ‘நீச்சலுக்கும் உயிர்காப்புக்குமான உந்துகருவி’ என்ற பொருள் தருவது. கரண்டி வடிவில் கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு துடுப்புகள் அதில் அடங்கும். கைத்துடுப்புகளைக் காலம் கழித்துவிட்டது. கால்துடுப்புகள் நிலைத்தன. 1939-இல்தான் அவற்றைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினார். முதல் மாதிரிக்கும் அதற்கும் இடையே 25 ஆண்டுகள்.

பெயரில் ‘உயிர்காப்பு’ இருந்தபோதிலும் துடுப்புக்காலணியை உலகுக்குக் கொண்டு சென்றது போர். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஓவன் சர்ச்சில், கோர்லியூவிடம் உரிமம் பெற்று அமெரிக்காவில் தயாரித்தார். ‘ஸ்விம்ஃபின்ஸ்’ என்பது அவர் இட்ட வணிகப் பெயர். இன்றைய ஆங்கில வழக்கு அதிலிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் பசிபிக் தீவுகளின் கரைகளை உளவு பார்த்துத் தடைகளைத் தகர்த்த அமெரிக்கக் கடற்படைக் குழுக்கள் இவற்றை அணிந்தன. ‘தவளை மனிதர்’ என்ற பெயர் பரவியதும் அப்போதுதான். போருக்குப் பின் கோர்லியூவின் ஆண்டுகள் தம் வடிவத்தைப் பிறர் நகலெடுப்பதை எதிர்த்த வழக்குகளில் கழிந்தன.

1943-இல் ழாக் குஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய, தேவைக்கேற்பக் காற்றைத் தரும் கருவி மூச்சைக் கயிற்றிலிருந்து விடுவித்தது. ஆனால் முதுகில் உருளையைச் சுமந்தவர் வெறுங்காலுடன் எவ்வளவு தொலைவு போயிருப்பார்? மீனைப் போலக் கிடைமட்டமாகக் கடலைக் கடக்கும் மனிதன் என்ற புதிய உருவம், அந்தக் கருவியும் கோர்லியூவின் துடுப்புகளும் சேர்ந்தபோதே முழுமையடைந்தது. குஸ்தோவின் ‘மௌன உலகம்’ திரைப்படம் 1956-இல் கான் விழாவில் தங்கப் பனையோலை விருதைப் பெற்றது. பிரெஞ்சு மொழியில் அந்த ஓலைக்கும் முக்குளிப்பவரின் துடுப்புக்காலணிக்கும் ஒரே சொல்தான்: ‘பாம்’. குஸ்தோவை உலகம் அறியும். கோர்லியூவை அறிந்தவர் சிலரே.

இதற்குப் பிந்தைய வரலாறு, புதியவர் கடையில் காணும் வகைகளின் வரலாறே. கோர்லியூ, சர்ச்சில் காலத்துத் துடுப்புகள் குதிகாலை வாரால் பிடித்தவை. போரில் எதிரிக் கப்பல்களுக்கு நீருக்கடியில் வெடி வைத்த இத்தாலியரான லூயிஜி ஃபெர்ராரோ, 1950-களின் தொடக்கத்தில் ஜெனோவாவின் கிரெஸ்ஸி நிறுவனத்துக்காக ‘ரொண்டினே’ என்னும் துடுப்பை வடிவமைத்தார். தகைவிலான் குருவி என்று பொருள். பாதம் முழுவதையும் செருப்புக் கடை ஷூவைப் போல மூடிக்கொள்ளும் முழுப்பாத வகையின் மூதாதை அது. 1964-இல் மார்செய்யின் ஜார்ஜ் பூஷா, நீர் புகுந்து வெளியேறத் துளைகள் கொண்ட ‘ஜெட்ஃபின்’ வகையைக் கொண்டுவந்தார். கனத்த ரப்பர், குட்டையான அலகு, பின்புறம் வார். பின்னர் பிளாஸ்டிக் கலவைகள் வந்து எடையைக் குறைத்தன. 1990-களின் இறுதியில் அலகை நடுவே பிளந்த வகை வந்தது. ஒவ்வொன்றும் அடுத்த புரட்சியென விளம்பரம் பெற்றது. ஆயினும் 60 ஆண்டுகளைக் கடந்த ஜெட்ஃபின்னின் அடிப்படை வடிவம் இன்றும் விற்பனையாகிறது. எளிய முழுப்பாத வகையும் அவ்வாறே. நிலைத்தவை விலையுயர்ந்த புதுமைகள் அல்ல என்பதைப் புதியவர் முதலில் குறித்துக்கொள்ளலாம்.

எந்தக் கடலில் இறங்கப் போகிறோம் என்பது அடுத்த கேள்வி. ரொண்டினே மத்தியதரைக் கடலின் வெதுவெதுப்பான நீருக்குப் பிறந்தது, வெறுங்காலில் மாட்டலாம். அந்தமான், இலட்சத்தீவு போன்ற வெப்பக் கடல்களில் படகிலிருந்து இறங்குபவருக்கு முழுப்பாத வகை போதும். அதற்குத் தனியாகப் பூட்ஸ் வாங்க வேண்டியதில்லை என்பதால் செலவும் குறையும். குளிர்ந்த நீரில் முக்குளிப்பவருக்கும், பாறையும் சங்குமுள்ளும் நிறைந்த கரையிலிருந்து நடந்தே இறங்குபவருக்கும் பூட்ஸ் வேண்டும். ஆகவே வார் வைத்த வகை வேண்டும். அதை அளவு பார்க்கும்போது அந்தப் பூட்ஸையும் அணிந்தே பார்க்க வேண்டும்.

பிராங்க்ளின் கண்ட உண்மை மூன்றாவது: கருவி உடலோடு இசைய வேண்டும். பாதம் பொருந்தும் பகுதியே துடுப்புக்காலணியின் உயிர். விரல்கள் மடங்கக் கூடாது, குதிகால் நழுவக் கூடாது, புறங்காலில் எந்த இடமும் அழுந்தக் கூடாது. கடையில் பத்து நிமிடம் அணிந்து உட்கார்ந்தால் இது தெரிந்துவிடும். இறுக்கமானது தசைப்பிடிப்பைத் தரும். தளர்வானது தோலை உரித்து, உதையின் ஆற்றலையும் வீணாக்கும்.

அலகின் விறைப்பு அடுத்தது. விறைத்த அலகு வலிய கால்களுக்கு விசை தரும். பழகாத கால்களை விரைவில் களைப்பாக்கும். களைத்தவர் வேகமாக மூச்சு வாங்குவார், உருளையின் காற்று விரைந்து தீரும். ஆழத்தில் மூச்சிரைப்பு பதற்றமாக மாறுவது எளிது. ஆகவே இது வசதியைப் பற்றிய செய்தி மட்டும் அன்று, உயிரைப் பற்றியது. மூச்சடக்கி மூழ்குவோர் அணியும் மிக நீண்ட அலகும் தொடக்கத்தில் வேண்டாம். நடுத்தர நீளமும் நடுத்தர வளைவும் கொண்ட எளிய அலகு போதுமானது. இடுப்பிலிருந்து எழுந்து முழங்காலில் சற்றே தளரும் உதையைப் பயிற்சி தரும், பணம் தராது.

பழைய துடுப்புக்காலணியை வாங்குவதிலும் குறைவில்லை. வெயிலிலும் காற்றிலும் ரப்பர் முதுமையடையும். வளைத்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றனவா, தொட்டால் பிசுபிசுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரும் கொக்கியும் தனியே மாற்றக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். முகத்தோடு நீர் புகாமல் பொருந்தும் முகக்கண்ணாடிக்கு முதலில் செலவிட்டு, மிச்சத்தில் துடுப்புக்காலணி வாங்குவதே முறை. காற்றுக்கருவியும் உருளையும் பயிற்சி நிலையங்களில் வாடகைக்குக் கிடைக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, கடைக்கே போகாதவர்களையும் எண்ண வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டில், படகிலுள்ள கம்ப்ரஸரின் குழாயைப் பற்களிடையே கடித்தபடி மீன்வலையோடு இறங்கும் தொழிலாளர்கள் ஒட்டுப்பலகையை அறுத்துத் தாங்களே துடுப்புக்காலணி செய்துகொள்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் சங்கு, கடலட்டை எடுக்க இறங்கியவர்கள் அலுமினியத் தகட்டை வெட்டிப் பாதங்களில் பொருத்திக்கொண்டார்கள். கயிறும் மைத்துனரும் இருந்த அதே கடலில், தகடு கட்டிய கால்கள் தாமே ஏறவும் இறங்கவும் குறுக்கே செல்லவும் கற்றன. இவற்றுக்குக் காப்புரிமை இல்லை, வணிகப் பெயரும் இல்லை. ஒட்டுப்பலகை வளையாது, கோர்லியூ ரப்பரில் பெற்ற வளைவு அதற்கு இல்லாததால் அந்தக் குறையைத் தொழிலாளியின் தொடைதான் ஈடு செய்கிறது. கடையிலுள்ள மிக மலிவான ரப்பர் துடுப்பும் அந்தப் பலகையைவிடக் காலுக்கு இரக்கமானது.

விலை குறைந்ததை வாங்குகிறோமே என்று புதியவர் கூச வேண்டியதில்லை. தம் அளவுக்குப் பொருந்தும் ஒரு சாதாரண இணையைத் தேர்ந்து, முதலில் நீச்சல்குளத்தில் பழகி, பிறகு கடலுக்குச் செல்லட்டும். உப்பு நீரிலிருந்து திரும்பியதும் நல்ல நீரில் அலசி, நிழலில், அலகு மடங்காமல் கிடத்தி வைத்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும்.