இரத்த நாள வளர்ச்சியில் செல்புற மேட்ரிக்ஸ்

செல்களுக்கு வெளியே, அவற்றைச் சூழ்ந்திருக்கும் புரதப் பின்னலே செல்புற மேட்ரிக்ஸ். கொல்லாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின், ஹெப்பரான் சல்பேட் தாங்கிய புரதங்கள் இதன் முக்கியக் கூறுகள். இரத்த நாளம் ஒன்றிலிருந்து புதுக் கிளை முளைக்க வேண்டுமானால், அதைப் போர்த்திய அடித்தளச் சவ்வை முதலில் நொதிகள் அரிக்க வேண்டும். அந்த வழியே உட்சுவர்ச் செல்கள் நகர்ந்து, பெருகி, குழாயாகித் தமக்குப் புதுச் சவ்வைச் சுரந்துகொள்கின்றன.

அடித்தளச் சவ்வை 1840-களில் வில்லியம் போமன் விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் அது வெறும் தாங்குபொருளாகவே எண்ணப்பட்டது. ஸ்கர்வி நோயில் செல்கள் இருந்தும் செல்லிடைப் பொருள் உருவாவதில்லை என்று 1926-இல் வோல்பாக், ஹோவ் இருவரும் காட்டினர். ஈறுகளில் இரத்தம் கசிவதன் காரணம் இதனால் விளங்கியது.

புற்றுக்கட்டி வளர இரத்த நாளங்கள் தேவை என்று பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்த கருத்துக்குப் பிறகே ஆய்வு வேகம் பிடித்தது. அக்காலச் சான்றுகளில் பல ஓர் எலிக்கட்டியைச் சார்ந்தவை. ஏங்கல்பிரெத்-ஹோல்ம்-ஸ்வார்ம் எனப்பட்ட அக்கட்டி குருத்தெலும்புப் புற்றாகக் கருதப்பட்டிருந்தது. அது அடித்தளச் சவ்வின் பொருளை ஏராளமாகச் சுரப்பது 1977-இல் வெளிவந்தது. ரூபர்ட் டிம்பிள் குழுவினர் 1979-இல் அதிலிருந்தே லாமினினைப் பிரித்தெடுத்தனர். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய ஹிண்டா கிளெய்ன்மன், ஜார்ஜ் மார்ட்டின் ஆகியோர் தயாரித்த அதன் சாறு பின்னர் மேட்ரிகெல் என விற்பனைக்கு வந்தது. பனிக்கட்டியில் வைத்தால் திரவம். உடல் வெப்பத்துக்கு வந்தால் கெட்டிக்கூழ். ஆகவே பிப்பெட் முனைகளையும் முன்கூட்டியே குளிரவைப்பது ஆய்வக வழக்கம். தொப்புள்கொடி நாளச் செல்களை இக்கூழின்மேல் விட்டால் அவை பெருகுவதை நிறுத்தி, ஒரே இரவில் கைகோத்துக் குழாய் வலையாகின்றன. இதை 1988-இல் குபோட்டா குழு விரிவாக எழுதியது. மாலையில் தூவிய தனித்தனிச் செல்களைக் காலையில் வலையாகக் காண்பது நுண்ணோக்கி தரும் இனிய காட்சிகளுள் ஒன்று. ஆனால் நாரிணைச் செல்களும் (ஃபைப்ரோபிளாஸ்ட்) சில புற்றுச் செல்களும் இதே வலையைப் பின்னுவதால், இதனை நாள உருவாக்கத்தின் முழுச் சான்றாகச் சிலர் ஏற்பதில்லை.

மேட்ரிக்ஸைப் பற்றும் செல்பரப்புப் புரதமான ஆல்ஃபா-வி-பீட்டா-3 இன்டெக்ரின் நாள வளர்ச்சிக்கு இன்றியமையாதது என 1994-இல் புரூக்ஸ், கிளார்க், செரெஷ் அறிவித்தனர். ஆனால் பீட்டா-3, பீட்டா-5 இன்டெக்ரின்கள் இரண்டும் இல்லாத எலிகளின் கட்டிகளில் நாளங்கள் மிகுந்தே வளர்ந்தன என்று 2002-இல் ஹோடிவாலா-டில்க் குழு காட்டியது. இவ்விரு முடிவுகளையும் இணைக்கப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. எதிலும் ஒருமித்த கருத்து இல்லை. இந்த இன்டெக்ரினைத் தடுக்கும் சிலெங்கிடைட் மருந்து, மூளைப் புற்றுக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை.

பதினெட்டாம் வகைக் கொல்லாஜனின் துண்டான எண்டோஸ்டாட்டின் நாள வளர்ச்சியை ஒடுக்குவது 1997-இல் தெரிந்தது. மறு ஆண்டு செய்தித்தாள்கள் அளித்த நம்பிக்கை அளவுக்கு மீறியது. பிற ஆய்வகங்களுக்கு அதே விளைவு எளிதில் கிட்டவில்லை. அதன் மாற்றுவடிவம் ஒன்றை நுரையீரல் புற்றுக்குச் சீனா 2005-இல் அனுமதித்தது.

அண்மையில் மேட்ரிக்ஸின் விறைப்பு, செயற்கைக் கூழ்கள் ஆகியவை ஆராயப்படுகின்றன. மேட்ரிகெல் இன்றும் எலிக்கட்டியிலிருந்தே எடுக்கப்படுவதால், மனித உடலில் பொருத்தும் திசுக்களுக்கு அது ஏற்றதல்ல.